பாட்டு மந்திரமான கதை

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்குப்புறமாக அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை. 'அடி' தமிழ்ச் சொல். மலையின் அடிவாரத்தையும் அது குறிக்கும், தொடக்கத்தையும் குறிக்கும். அவ்வூர்க் கோயிலோ 'ஆதி அருணாசலேசுவரர்' எனும் வடமொழி உடை உடுத்தி நிற்கிறது. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணாமலை என்றால் நெருங்கவொண்ணா மலை என்பர். அப்பெயர் 'அருணாசலம்' ஆனபோது, செம்மலை என்று பொருளே மாறிற்று. அடி ஆதியானது, அண்ணாமலை அருணாசலமானது, மலையைச் சுற்றும் நடை 'கிரிவலம்' ஆனது. கிரி வடமொழி, வலம் தமிழ். நல்ல வேளை, நடக்கும் கால்களாவது நம்முடையனவாக இருக்கின்றன!

பெயர் மாறிய கதை பழங்கதை. நாட்டில் நூறு ஊர்களுக்கு நேர்ந்த கதை. அடி அண்ணாமலைக்கென்று தனிக் கதை ஒன்று உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது வழிவழி வரும் செய்தி. பாதையோரத்தில் அவருக்கெனச் சிறு கோயிலும் உண்டு. அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு, கடல் கடந்து போய், கேட்போர் வியக்கும் ஒரு மாற்றத்தை அடைந்தது. அம்மாற்றத்தைப் புரிந்துகொண்டால், மந்திரம் என்பது யாது, அதன் ஆற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முழுநிலவு இரவுகளில் அப்பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். நடப்போரில் பலர் ஏதேனும் ஒரு மந்திரத்தை முணுமுணுத்தபடியே செல்கின்றனர். பொருள் என்னவென்று கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வரும்: "பொருள் தெரியவேண்டிய தேவை இல்லை. ஒலியிலேயே ஆற்றல் இருக்கிறது. அதன் அதிர்வு உடம்பில் பாய்ந்தால் போதும்." முன்பு முனிவர் பெயரால் சொல்லப்பட்டது, இன்று அலை என்றும் அதிர்வு என்றும் விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. சட்டை புதிது, ஆள் பழையவர்தாம்.

இந்தக் கூற்றை எடைபோட வேறெங்கும் போகவேண்டா. மந்திரத்தைச் சுற்றி வழங்கும் சொற்களையே சான்றுக் கூண்டில் ஏற்றுவோம். சொற்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவற்றைப் பயன்படுத்துவோர்க்கே அந்தக் கலை தெரியும்.

எண்ணத்தின் கருவி

'மந்திரம்' வடசொல். 'மன்' எனும் வேருக்கு எண்ணுதல் என்று பொருள். 'திர' என்பது கருவியைக் குறிக்கும் ஈறு. எனவே மந்திரம் என்றால் எண்ணுதற்குரிய கருவி. 'யந்திரம்', 'தந்திரம்' ஆகியவற்றிலும் இதே ஈறுதான் இருக்கிறது. கட்டி இயக்கும் கருவி யந்திரம். நீட்டி நெய்யும் தறியைக் குறித்த தந்திரம், பின்னர் நெறிமுறையைக் குறித்து, தமிழில் சூழ்ச்சிக்குப் பெயராயிற்று. மூன்று கருவிகளுள் யந்திரத்தை மக்கள் ஆலையில் கண்டனர். தந்திரத்தை அரசியலில் கண்டனர். மந்திரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காணச் சொன்னார்கள்!

எண்ணுதல் என்ற வேர்ப்பொருள் இன்றும் ஓரிடத்தில் உயிரோடிருக்கிறது. அரசனோடு கலந்து எண்ணுபவன் மந்திரி. கூடி எண்ணும் செயல் மந்திராலோசனை. அந்த மந்திரி மலாய் நாட்டுக்குச் சென்று 'மெந்தெரி' ஆனான். போர்த்துக்கீசியர் அதைக் கேட்டு 'மந்தரிம்' என்றனர். சீனத்து உயர் அலுவலரைக் குறிக்கும் 'மாண்டரின்' என்ற ஐரோப்பியச் சொல் அப்படித்தான் பிறந்தது. எண்ணிப் பேசுவதற்கு ஏற்பட்ட சொல் அரண்மனையில் ஆலோசனையாயிற்று. ஆலயத்தில், எண்ணாதே என்று கட்டளையிடும் ஒலியாயிற்று. ஒரே வேரில் கிளைத்த இரு கிளைகளில் எது தழைத்தது, எது திரிந்தது என்பதைப் பகுத்தறிவாளர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

தொல்காப்பியர் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். எங்கே? சமயப் பகுதியில் அன்று, செய்யுளியலில். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று யாப்பின் வகைகளை அடுக்கும்போது, வாய்மொழி என்ற வகையில் மந்திரத்தை வைக்கிறார். நிறைந்த சொல்லுடைய மக்கள் ஆணையிட்டுக் கூறும் மறைவான மொழி மந்திரம் எனப்படும் என்று இலக்கணம் வகுக்கிறார். விடுகதையாகிய பிசியும், எள்ளலாகிய அங்கதமும், பழமொழியாகிய முதுசொல்லும் உட்கார்ந்திருக்கும் அதே திண்ணையில் மந்திரத்துக்கும் ஓரிடம், அவ்வளவே. இலக்கணம் கண்ட தமிழனுக்கு மந்திரம் ஓர் இலக்கிய வகை. அதற்குத் தனிப் பீடம் இல்லை. தனிப் பூணூலும் இல்லை.

நம் தோழர்கள் மயங்கக்கூடிய இடம் ஒன்றும் இங்கே உண்டு. அந்த நூற்பாவுக்கு உரையெழுதிய பேராசிரியர், தமிழ் மந்திரத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரு செய்தியைத் தருகிறார். ஆரியம் நன்று, தமிழ் தீது என்று சொன்ன குயக்கோடன் என்பவன் சாகுமாறு நக்கீரர் பாடினாராம். பின்னர் அவன் உயிர்பெறுமாறும் பாடினாராம். கேட்டவுடன் தமிழ் நெஞ்சம் துள்ளும். துள்ளட்டும், ஆனால் தடுமாற வேண்டா. வடமொழி மந்திரத்தால் மழை வரும் என்பது மடமையென்றால், தமிழ் மந்திரத்தால் மனிதன் மாள்வான் என்பதும் மடமைதான். நம் மொழியில் சொல்லப்பட்டது என்பதற்காகப் பொய்க்குப் பொன்னாடை போர்த்துவது பகுத்தறிவு ஆகாது.

மறை, உரு, மயல்

மந்திரத்தின் ஆற்றல் ஒலியில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? தமிழில் வழங்கும் மூன்று சொற்கள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

முதற்சொல் 'மறை'. மறைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. வேதத்துக்குத் தமிழர் இட்ட பெயர் இது. புகழ்ந்து இட்ட பெயரென்று உரையாசிரியர் கொள்ளலாம். ஆயினும் சொல் தன் வேரை மறைக்கவில்லை. யார் காதில் விழவேண்டும், யார் காதில் விழக்கூடாது என்று வேலி கட்டிய பின்னரே ஒரு சொற்றொடர்க்கு மந்திர மதிப்பு ஏறுகிறது. பூட்டிய பெட்டியென்றால் உள்ளே பொன் இருப்பதாகத்தானே ஊர் நினைக்கும்?

இரண்டாம் சொல் 'உரு'. ஒரு மந்திரத்தை ஒருமுறை சொல்வது ஓர் உரு. 108 உரு, 1008 உரு என்று கணக்கு. திரும்பத் திரும்பச் சொல்வது உருவேற்றுதல். அதே சொல் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யும் மாணவனைப் பார்த்து, 'உருப்போடுகிறான்' என்கிறோம். கோயிலில் செய்தால் தவம். பள்ளியில் செய்தால் குறை! ஒரே செயலுக்கு இரண்டு மதிப்பெண் எப்படி வந்தது?

மூன்றாம் சொல் 'மயல்'. மயங்குதல், மயக்கம் எல்லாம் இதன் உறவு. தமிழிலக்கணத்தில் மயக்கம் என்றால் கலத்தல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துக் கலந்து நிற்பது மெய்ம்மயக்கம். ஒரு திணைக்குரியது மற்றொன்றில் கலப்பது திணைமயக்கம். ஒன்றோடொன்று கலந்துவிட, எது எதுவெனத் தெரியாத நிலைதான் அறிவுக்கு வரும் மயக்கம். பாம்பாட்டியின் மகுடியும் பசப்புக்காரன் மொழியும் செய்வது அதுதான். இல்லாததை இருப்பதோடு கலப்பது.

மறைப்பது, உருவேற்றுவது, மயக்குவது: மந்திரத் தொழிலின் முழுப் பாடத்திட்டமும் இம்மூன்று தமிழ்ச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இதைச் சங்கத் தமிழர் அறியாதவர் அல்லர். குறுந்தொகையின் 156ஆம் பாட்டில் காதலால் நலிந்த தலைவன் ஒருவன், தனக்கு அறிவுரை கூறவந்த பார்ப்பனத் தோழனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான். எழுதப்படாத உன் கல்வியில், பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்து ஏதாவது உண்டா என்பது கேள்வி. பாடியவர் பாண்டியன் ஏனாதி நெடுங்கண்ணன். பாட்டின் முடிவில், இது வெறும் மயலோ என்று ஐயுறுகிறான் தலைவன். மயல் என்ற அந்தச் சொல் அங்கே நிற்பதைக் காணுங்கள். ஓதுவதெல்லாம் இருக்கட்டும், என் துன்பத்துக்கு அதில் தீர்வு உண்டா என்று கேட்ட அந்தக் குரல், இன்றைய பகுத்தறிவு மன்றத்தில் எழுந்தாலும் பொருந்தும்.

நற்றிணையின் 34ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மகளின் காதல் நோயைத் தெய்வக் குற்றமென எண்ணித் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். தோழி வேலனை விட்டுவிட்டு முருகனையே பிடித்துக்கொள்கிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்று தெரிந்தும், வேலன் அழைத்தானென்று கண்ணி சூடி வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாமை உடையவன்தான் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். கடவுளைக் கேள்வி கேட்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்போர், அந்தத் தோழியின் முன் சிறிது நேரம் நிற்கட்டும்.

சூனியத்தில் என்ன இருக்கிறது?

மாந்திரிகர் தம் தொழிலுக்கு அடுக்கிவைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள். 'வசியம்' என்பது வசப்படுத்துதல்; அடுத்தவன் விருப்பத்தை அடக்கி ஆளுதல். 'தம்பனம்' அசையாமல் நிறுத்துதல். 'மாரணம்' சாகடித்தல். 'ஏவல்' என்பது வேலைக்காரனிடம் சொல்வதுபோல ஆணையிடுதல். அன்பு, அறிவு, உதவி என்ற பொருளில் ஒரு சொல்லும் இப்பட்டியலில் இல்லை. அடக்கவும் ஒடுக்கவும் ஆசைப்பட்டவர்களின் அகராதி இது.

'உச்சாடனம்' என்ற சொல்லின் கதை தனி. மந்திரத்தை உரக்கச் சொல்வதே உச்சாடனம் என்று பலர் எழுதுகின்றனர், மேடையிலும் முழங்குகின்றனர். வடமொழியில் அதன் பொருள் வேறு. ஓரிடத்திலிருந்து ஒருவரைப் பெயர்த்து விரட்டுவதற்குப் பெயர் உச்சாடனம். ஒலித்தலைக் குறிப்பது 'உச்சாரணம்'. இரண்டும் குழம்பிவிட்டன. மந்திரத்துக்குப் பொருள் வேண்டாமென்று பழகியவர்கள், மந்திரம் சொல்வதற்கான சொல்லின் பொருளையும் கைவிட்டுவிட்டார்கள்!

இவையெல்லாவற்றுக்கும் முடிமணி 'சூனியம்'. சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அஞ்சி நடுங்குகிறார்களே, அச்சொல்லின் பொருள் என்ன? வெறுமை. ஒன்றுமில்லாமை. கணக்கில் வரும் சுழி. சூனியம் வைத்தான் என்றால் ஒன்றுமில்லாததை வைத்தான் என்று பொருள். சொல்லே உண்மையைச் சொல்லிவிட்டது. நாம்தான் அதன் காலடியில் எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

பொதுமக்களின் நாக்கு புலவரின் நாக்கைவிடக் கூர்மையானது. மந்திரத்தால் மாங்காய் விழுமா என்று கேட்டது அந்த நாக்கு. மந்திரம் கால், மதி முக்கால் என்று பங்கு பிரித்தது அந்த நாக்கு. வசை வாங்கியவனைப் பார்த்து 'நல்ல அர்ச்சனை கிடைத்தது' என்றதும் அதுவே. பகுத்தறிவு இயக்கம் பிறப்பதற்கு முன்பே பழமொழி வடிவில் பரப்புரை நடந்திருக்கிறது.

உலகெங்கும் ஒரே கதை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயா? இல்லை. ஆங்கிலத்தில் மயக்குதலைக் குறிக்கும் 'என்சான்ட்' என்ற சொல், இலத்தீனில் பாடுதலைக் குறிக்கும் 'காந்தாரே' என்ற சொல்லின் வழி வந்தது. 'சார்ம்' என்ற சொல்லுக்கு மூலம் 'கார்மென்'. அதற்குப் பாட்டு என்று பொருள். 'ஸ்பெல்' என்பது பழைய ஆங்கிலத்தில் பேச்சு, கதை. எழுத்துக்கூட்டுதலைக் குறிக்கும் 'ஸ்பெல்' என்ற சொல்லும் அதன் உறவே. கவர்ச்சியைக் குறிக்கும் 'கிளாமர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? 'கிராமர்' என்ற சொல்லை இசுகாத்துலாந்து மக்கள் திரித்து வழங்கியதிலிருந்து. ஆம், இலக்கணம்! எழுத்தறியாதார் நாட்டில் இலக்கணம் படித்தவனெல்லாம் மாயக்காரனாகத் தோன்றினான்.

பாட்டு, பேச்சு, எழுத்து, இலக்கணம் என்ற நான்கு எளிய பொருள்கள், கல்லாமை சூழ்ந்த இடத்தில் நான்கு மாயங்களாக மாறின. உரோமானியர் காலத்தில் செரீனசு சம்மோனிக்கசு என்பவர் எழுதிய மருத்துவ நூல், காய்ச்சலுக்கு 'அப்ரகதப்ரா' என்ற சொல்லை எழுதி, வரிக்கு ஓர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. எழுத்துக் குறையக் குறையக் காய்ச்சலும் குறையுமாம். தாயத்துக்கு மொழி வேறுபாடு இல்லை.

பொருளே வேண்டா என்ற வாதமும் புதிதன்று. வேதச் சொற்களுக்குப் பொருள் கூற எழுந்த யாஸ்கரின் நிருக்தத்திலேயே, மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்ட கௌத்சர் என்பவரின் கருத்து எடுத்துக் கூறப்பட்டு மறுக்கப்படுகிறது. 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாள் ஊரில் நடந்த வேள்வியை ஆராய்ந்த டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால், சடங்கில் மந்திரம் பொருளுக்காகச் சொல்லப்படுவதில்லை என்று முடிவுகட்டி, பறவைகளின் பாட்டோடு அதை ஒப்பிட்டார். நாத்திகர் சொன்னதன்று இது. வேத ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்தவர் சொன்னது.

மந்திரம் சொன்னால் மனம் அமைதியுறுகிறதே என்பர். உறும், யார் மறுத்தார்? 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரைக் கொண்டு, இலத்தீனில் சொல்லும் கத்தோலிக்கரின் செபமாலை வேண்டுதலையும் ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தனர். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்குச் சுமார் 6 முறையாகக் குறைத்தன; இதயத் துடிப்பின் ஒழுங்கிலும் ஒரேவகை விளைவு தெரிந்தது. மொழி எதுவாயினும், கடவுள் யாராயினும் விளைவு ஒன்றே. வேலை செய்தது மூச்சு. பெயரைத் தட்டிக்கொண்டு போனது மந்திரம்!

ஓது என்னும் திறந்த சொல்

மறைக்கும் சொற்களுக்கு நடுவே தமிழில் ஒரு திறந்த சொல் இருக்கிறது. அதுதான் 'ஓது'. கன்னடத்தில் 'ஓது' என்ற இனச்சொல்லுக்குப் படித்தல் என்று பொருள். நாளிதழ் படிப்பதும் பாடநூல் படிப்பதும் அங்கே அச்சொல்லால்தான் சொல்லப்படும். தொல்காப்பியத்தில் ஓதல் என்பது கல்வி. தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களுள் ஒன்று. சைவர் கோயிலில் திருமுறை பாடுபவர் ஓதுவார். தமிழ் முசுலிம்கள் குர்ஆனை ஓதுகின்றனர். கிறித்தவரோ வடமொழியில் முணுமுணுத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'செபம்' என்பதை வேண்டுதலுக்குக் கொண்டனர். ஓதுதல் காது கேட்கச் செய்வது. செபித்தல் வாய்க்குள் செய்வது. சபையில் நிற்கும் சொல் முன்னது.

ஔவையார் பாடிய குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் வரும் அகவன்மகள், குறிசொல்லும் பெண். அகவுதல் என்றால் அழைத்துப் பாடுதல். தமிழின் மூத்த யாப்பாகிய ஆசிரியப்பாவுக்கு 'அகவல்' என்ற பெயரும் இதே வினையிலிருந்து வந்ததுதான். குறி சொன்னவளின் ஓசையைத் தமிழர் மறைத்துப் பூட்டவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான பாவாக ஆக்கினர். மந்திரம் பாட்டாக மாறுவது அறிவின் வளர்ச்சி. பாட்டு மந்திரமாக மாறினால் என்ன பெயரிடுவது?

பாவை சென்ற பயணம்

இப்போது அடி அண்ணாமலைக்குத் திரும்புவோம். திருவெம்பாவை 20 பாட்டுகள் கொண்டது. சமயப் பாட்டுத்தான், ஆயினும் அதன் நடையைப் பாருங்கள். விடியற்காலையில் பெண்கள் கூடித் தோழியை எழுப்புகின்றனர். உள்ளே படுத்திருப்பவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று சாக்குக் கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள், நீயே வந்து எண்ணிப் பார், ஆள் குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கு என்று கிண்டல் செய்கின்றனர். தெருவில் நடக்கும் பேச்சு, இளம்பெண்களின் கேலி, நீராடும் களிப்பு. அக்காலத்துச் சிற்றூர்ப் பெண்ணுக்கும் புரிந்திருக்கக்கூடிய உரையாடலாகப் பல பாட்டுகளை அமைத்தது அப்புலவரின் வெற்றி. பக்தியை ஏற்காதவரும் அந்த நாடகத் திறனைப் பாராட்டத்தான் வேண்டும். மறைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பாட்டு கடல் கடந்தது. தமிழ் வணிகர் சயாம் நாட்டுக் கரைகளில் வாழ்ந்தமைக்குச் சான்றாக, தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது; அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் அது குறிப்பிடுகிறது. அவ்வழித் தொடர்புகளில் தென்னாட்டுப் புரோகிதரும் அங்குக் குடியேறினர். அவர்களோடு பாவைப் பாட்டும் போயிற்று. தாய்லாந்து அரசவைப் பிராமணர் மார்கழி, தை ஒட்டிய நாள்களில் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பவாய், திரிபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களின் தேய்ந்த வடிவங்கள் இவை. பாங்காக்கில் வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே 1784இல் நிறுவப்பட்ட பெரிய ஊஞ்சல் இவ்விழாவுக்கு உரியதே. ஊஞ்சலாடும் நிகழ்ச்சி 1935இல் நிறுத்தப்பட்டது. ஓதும் சடங்கு நிற்கவில்லை. குவாரிட்ச் வேல்சு என்ற ஆங்கில அறிஞர் 1931இல் வெளியிட்ட நூலில் இச்சடங்கை விரித்தெழுதினார். அங்கு ஓதப்படும் தமிழ்ப் பாட்டுகளைப் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா 1960களில் ஆராய்ந்தார்.

அங்கே என்ன நடக்கிறது? கயிலையின் கதவைத் திறக்கும் மந்திரமாகத் திருவெம்பாவை ஓதப்படுகிறது. கிரந்த எழுத்துச் சாயலில் ஏடுகள். தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து திரிந்த ஒலிகள். ஓதுகின்றவர் பொருள் அறியாமலே ஓதிவருகின்றனர். கேட்போர்க்கும் பொருள் தெரியாது. நீயே வந்து எண்ணிப் பார் என்ற குறும்புப் பேச்சு, அங்கே வானத்துக் கதவைத் திறக்கும் தெய்வ ஒலி!

தமிழன் நெஞ்சம் விம்மலாம். நம் மொழி சயாம் மன்னனின் அவையில் மந்திரமாயிற்றே என்று மார்தட்டலாம். சற்றுப் பொறுத்து எண்ணுவோம். இங்கே எது 'நீசமொழி' என்று சிலரால் ஒதுக்கப்பட்டதோ, அதுவே அங்கே தேவமொழி. மொழி மாறவில்லை, ஒலியும் பெரும்பாலும் அதுவே. மாறியது ஒன்றே ஒன்று: அங்கே அது புரியாது. புரியாமை ஏறியதும் புனிதமும் ஏறிவிட்டது. ஒலியிலேயே ஆற்றல் இருப்பது மெய்யானால், அதே ஒலி அடி அண்ணாமலையில் பாட்டாகவும் பாங்காக்கில் மந்திரமாகவும் இருப்பது எப்படி? எந்த மொழியும், அதை அறியாதார் நடுவே போய், ஒரு சிலர் கையில் மட்டும் சிக்கினால், மந்திரமாகிவிடும். அதற்குத் தெய்வம் தேவையில்லை. தொலைவும் பூட்டும் போதும்.

இங்கே நாம் செய்ய வேண்டுவது

இந்தப் பாடம் நமக்கு ஏன் வேண்டும்? மொழி உரிமைக்கும் வழிபாட்டு உரிமைக்கும் இந்நாட்டில் நெடும்போர் நடந்திருக்கிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தின் பெயரால் வேலியை விட்டுவைத்தது. 2006ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து, எல்லாச் சாதியினர்க்கும் அர்ச்சகர் பயிற்சி தர ஆறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இதே திருவண்ணாமலையில் அமைந்தது. மறைக்கப்பட்ட மொழி, மறுக்கப்பட்டோர் நாவில் ஏறிய இடங்களுள் ஒன்று அது. அங்கும் பிற பள்ளிகளிலும் பயின்றோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவ்வாறு பயின்றவருள் 24 பேர் 2021 ஆகசுட்டு 14ஆம் நாள் பணியமர்த்தப்பட்டனர்.

சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையில் நின்று தமிழ் பாடுவதற்கு ஆறுமுகசாமி என்ற முதியவர் பட்ட பாடு நாடறிந்தது. 2008இல் அரசாணை வந்த பிறகே அங்கே அவர் குரல் ஒலித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் 2020 குடமுழுக்கில் தமிழுக்கும் இடம் வேண்டி நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அதே கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை அமர்த்தியதைக் கல்லில் வெட்டிவைத்தவன் இராசராசன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் இருந்த உரிமையை, இக்காலத்தில் காகிதத்தில் கேட்டு வாங்கினோம்!

இவையெல்லாம் வெற்றிகள்; ஐயமில்லை. கருவறைக்கு முன் ஒரு மனிதன் தன் பிறப்பால் தடுக்கப்படக்கூடாது என்பது மானத்தின் கேள்வி. கடவுளை ஏற்பவர், ஏற்காதவர் இருவரும் அந்தப் போரில் தோளோடு தோள் நிற்க முடியும்.

ஆனால், வடமொழி மந்திரம் இருந்த இடத்தில் தமிழ் மந்திரத்தை வைத்துவிட்டு, பொருள் கேட்கும் பழக்கத்தை வளர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பாங்காக்கில் ஆனதுதான் ஆகும். போற்றி போற்றி என்று 108 உருப்போட்டு, எதைப் போற்றுகிறோம், ஏன் போற்றுகிறோம் என்று கேளாதவன் தமிழில் மயங்கியவன். முன்பு வடமொழியில் மயங்கியவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு எழுத்தில் மட்டுமே. பூட்டை மாற்றுவது விடுதலை ஆகாது. பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லோர்க்கும் காட்டுவதே விடுதலை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். முழக்கமும் உருவேறினால் மந்திரமாகும். பகுத்தறிவு என்ற சொல்லையும், தன்மானம் என்ற சொல்லையும், தலைவர் மொழிகளையும் பொருள் எண்ணாமல் ஓதிக்கொண்டிருந்தால், நாமும் ஒரு புது மறையைப் புனைந்தவர்கள் ஆவோம். யார் சொன்னாலும் மெய்ப்பொருளைத் தேடு என்று வள்ளுவர் சொன்னபோது, இன்னார்க்கு விலக்கு உண்டு என்று சொல்லவில்லை. நம் மேடைக்கும் அது பொருந்தும்.

ஆதலால் இளைஞர்கள் ஏந்த வேண்டிய கருவி மிகச் சிறியது. "இதற்குப் பொருள் என்ன?" என்ற கேள்வியே அது. திருமண வீட்டில் கேளுங்கள். திதி கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். தாயத்துக் கட்டுபவரிடம் கேளுங்கள். மேடையில் முழங்குபவரிடமும் கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் விடை வரும்வரை கேளுங்கள். பொருள் சொல்லக் கூடியவர் சொல்லட்டும், சீர்தூக்குவோம். சொல்ல இயலாதவர், ஒலியே போதும் என்று ஒதுங்கட்டும். அந்த விடையே அவரை விளக்கிவிடும். மந்திரம் எனும் சொல்லின் வேரில் எண்ணம் இருக்கிறது. அதைத் திருடிக்கொண்டு போனவர்களிடமிருந்து மீட்டுக்கொள்ள, எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.